இரண்டு புள்ளிகள்

கல்லடியில் கச்சான் வீசுகிற மாதத்தில்
பட்டர் ஐசிங் கேட்டு வருபவர்களிடம்
முதலிலேயே சொல்லிவிடுவேன்:
வழிந்தால் என்னைக் கேட்கக்கூடாது.

இவரிடமும் சொன்னேன்.
கமலேந்திரன் என்றார்,
குரலில் வயது பிடிபடவில்லை.
ஒரு கிலோ, சொக்லேட்.
மேலே எழுதவேண்டும்: பிறேமினி மன்னிச்சிடு.
தமிழிலா?
தமிழில்தான்.
அவ்வளவும் கொள்ளாது, ஆறங்குலக் கேக், என்றேன்.
கொஞ்சநேரம் காற்றிரைச்சல் மட்டும் கேட்டது.
அப்ப பேரை விடுங்க, என்றார்.

விடிய ஐந்துக்கு, கரண்ட் நிற்குமுன்,
கொக்கோவைக் கொதிநீரில் கரைத்தேன்.
ஒரு கரண்டி கோப்பித்தூள்.
அது தன்னைக் காட்டாது,
கொக்கோவைக் காட்டிக்கொடுக்கும்.
படுவான்கரையிலிருந்து சட்டியோடு வருகிற எருமைத்தயிரில்
ஆடையை ஒதுக்கி அரைக் கோப்பை.
சோடா பட்ட இடத்தில் தயிர் நுரைத்து
மெல்ல மூச்சுவிட்டது.

அடித்துக்கொண்டே யோசித்தேன்,
யார் இந்தப் பிறேமினி?
மனைவி என்றால் ஒரு கிலோ காணாது.
தங்கச்சி என்றால் காணிப்பிரச்சினை.
கடன் தந்தவள் என்றால்
கேக்குக்குக் கொடுத்த காசை அவளுக்கே அனுப்பியிருக்கலாம்.

ஈர்க்கு ஈரமில்லாமல் வந்தது.
நடுவில் விம்மியதைச் சீவினேன்.
சீவல் மகனுக்கு, அது எங்கள் வீட்டுச் சட்டம்.

உருக்கிய சொக்லேட்டை ஆறவிடவேண்டும்.
சூட்டோடு ஊற்றினால் பட்டர் பிரிந்துபோகும்,
பிறகு எவ்வளவு அடித்தாலும் சேராது.
முதல் பூச்சு துகளைப் பிடித்துவைக்க.
அதை யாரும் பார்ப்பதில்லை.
அரைமணித்தியாலம் பிறிட்ஜில்.
இரண்டாம் பூச்சுக்குக் கத்தியைச் சுடுநீரில் தோய்த்து,
துடைத்து,
கையை எடுக்காமல் ஒரே சுற்று.

மறுகாத்தான் எழுத்து.
ஆங்கிலத்தில் சொறி என்றால் தேநீர் ஆறுமுன் முடியும்.
இதிலோ எல்லாம் சுழியும் வளைவும்.
னகரத்துக்கு இரண்டு சுழி,
தவறி மூன்றானால்
கேட்கிற மன்னிப்பிலேயே ஒரு பிழை.
மூச்சைப் பிடித்துக்கொண்டு டு வரை போனேன்.
புள்ளிக்கு ஐசிங் வைத்தால் பரவும்,
அதனால் வெள்ளிமணி இரண்டு,
சாமணத்தால் எடுத்து
ன் தலையில் ஒன்று, ச் தலையில் ஒன்று.

றெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ்கட்டி அடுக்கி
றிபாய்தீன் நானாவின் ஓட்டோவில் ஏற்றினேன்.
பெரியகல்லாறு, தபாற்கந்தோருக்குப் பின் ஒழுங்கை.
குலுக்காமப் போங்க நானா.
குலுங்கிறது றோட்டு தங்கச்சி, நானில்ல.

பகல் ஒன்றரைக்கு
பெட்டியோடு திரும்பி வந்தார்.

வேணாமாம்.
வாசிச்சாவா?
வாசிச்சா. கனநேரம் வாசிச்சா.
என்ன வயசிருக்கும்?
வெயில் கண்ணுக்குள்ள, நான் முகத்தப் பார்க்கல்ல.
பெட்டிய மூடித் தந்தா. பக்குவமாத்தான் மூடினா.
ஓட்டோக் காசும் தாறன் எண்டு நிண்டா,
நான் வாங்கல்ல.

மேசையில் வைத்துத் திறந்தேன்.
ஒரு பக்கம் பட்டர் கொஞ்சம் இறங்கியிருந்தது.
எழுத்து அப்படியே.
மகன் கரண்டியோடு வந்துவிட்டான்.
பொறு என்றேன்.

ன் மொட்டையாக நின்றது.
அதன் தலைக்குமேல் ஒரு குழி,
சுண்டுவிரல் நுனியளவு.
ச் தன் மணியோடு மினுங்கியது.
மனனிச்சிடு.
அப்படி ஒரு சொல் இல்லை.
நான் நாலுதரம் வாசித்துப் பார்த்தேன்.

கமலேந்திரனுக்கு அடித்தேன்,
முதல் மணியிலேயே எடுத்தார்.
திரும்பி வந்திட்டு, என்றேன்.
ஓம், என்றார்.
காசைக் கேட்பார் என்று
பாதி தருவதாகக் கணக்குப் பார்த்துவைத்திருந்தேன்.
அவர் கேட்டது:
ஒண்டும் எடுக்கல்லயா?

ஒரு புள்ளி எடுத்திருக்கா.

மறுமுனையில் எங்கோ பஸ் ஒன்று நின்று
ஆள் இறக்கிப் போனது.
பிறகு,
தொண்டையைச் சரிசெய்துகொண்டு,
எந்தப் புள்ளி, என்று கேட்டார்.